சார்ட்ல இருக்கு, வானத்துல இல்ல: 8 இன்ச் டாப்சோனியன், டீப் ஸ்கை, நட்சத்திர வரைபடம்

கேள்வி (ஜனவரி 12, 2025)

8 இன்ச் டாப்சோனியன் (கையாலயே திருப்புற வகை டெலஸ்கோப்) வாங்கியாச்சு. வியாழன், சனி, செவ்வாய் எல்லாம் பிரமாதம். ஆனா டீப் ஸ்கைன்னு, அதாவது கிரகங்களத் தாண்டி நெபுலா, கூட்டம், கேலக்ஸின்னு இறங்கினா ஓரையன் நெபுலாவும் கார்த்திகையும் தவிர ஒண்ணும் சிக்க மாட்டேங்குது. மெஸ்ஸியே பட்டியல்ல இருக்குற எம் 1, எம் 33, எம் 74 மூணையும் சார்ட்ட வச்சுக்கிட்டு தேடித் தேடி கழுத்து வலிதான் மிச்சம். சார்ட்ல இருக்கு, வானத்துல இல்ல. இந்தக் காலத்துல பேப்பர் வச்சு தேடுறதெல்லாம் வேலைக்காகாதுன்னு நினைக்கிறேன். தானா பொருள தேடிப்போய் நிக்கிற கோ-டூ மவுண்ட் வாங்கிடலாமா?

பதில் (ஜனவரி 12, ராத்திரி)

தம்பி, கோ-டூ அப்புறம் வாங்கலாம், மொதல்ல தினசரி காலண்டர பாருங்க. நாளைக்கு பௌர்ணமி. இந்த நிலா வெளிச்சத்துல கோ-டூவும் உங்கள கரெக்டா எம் 74 இருக்குற இடத்துல கொண்டுபோய் நிப்பாட்டும், அங்கயும் ஒண்ணும் தெரியாது. அப்ப யார திட்டுவீங்க?

தை அமாவாசை 29ஆம் தேதி வருது. அதுவரைக்கும் சார்ட்ட வீட்டுக்குள்ள வச்சு படிங்க.

ஜனவரி 13

நேத்து பாதித் தூக்கத்துல போட்டது, இப்ப விளக்கமா.

நீங்க எடுத்த மூணும் ஆரம்பத்துக்கு ஏத்ததே இல்ல. எம் 33 பிரகாசம் 5.7னு (எண் ஏற ஏற மங்கல்) பட்டியல்ல போட்டிருக்கும், அட இது சுலபம்னு போவோம், ஆனா அந்த 5.7ங்கிறது ஒரு டிகிரிக்கும் மேல நீண்டு கிடக்கிற மொத்த கேலக்ஸியோட வெளிச்சத்தையும் ஒரே புள்ளில கூட்டி வச்ச கணக்கு, உங்க ஐபீஸ்ல (கண்ண வச்சு பாக்குற லென்ஸ்) தெரியுற வட்டமே ஒரு டிகிரிதான் இருக்கும், அப்ப முழு வட்டமும் எம் 33தான், ஓரம்னு ஒண்ணு தெரிஞ்சாத்தானே இங்க ஏதோ இருக்குன்னு கண்ணுக்கு படும். நல்ல இருட்டுல பைனாகுலர்ல பாத்தா டெலஸ்கோப்ப விட சுலபமா சிக்கும். எம் 74 இன்னும் மோசம், 9.4, அதுவும் பரந்து கிடக்கும். மொட்டை மாடியில இருந்து அத எதிர்பாக்கவே கூடாது. எம் 1 பரவால்ல, 8.4, சின்னதா இருக்கும், ஆனா நகரத்து வானத்துல அதுவும் சந்தேகம்தான்.

சார்ட் "எங்க"ங்கிறத மட்டும்தான் சொல்லும். தெரியுமா தெரியாதாங்கிறத அதுல போட்ட நீள்வட்டத்த பாத்து முடிவு பண்ண முடியாது, எம் 104க்கும் எம் 74க்கும் ஒரே மாதிரிதான் போட்டிருப்பான்.

இப்போதைக்கு எம் 41, எம் 35, எம் 46, எம் 47, எம் 44. அஞ்சுமே நட்சத்திரக் கூட்டம், மாடியில இருந்தே கிடைக்கும். எம் 44ங்கிறது நம்ம பூசம் இருக்குற இடமேதான்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். மேல ஒருத்தர் குறியீடு கேட்டிருந்தார். புள்ளி புள்ளியா போட்ட வட்டம் திறந்த கூட்டம் (சிதறிக் கிடக்குற நட்சத்திரங்கள்), வட்டத்துக்குள்ள கூட்டல் குறி இருந்தா உருண்டைக் கூட்டம், சின்ன வட்டத்துல நாலு பக்கமும் கோடு நீட்டிட்டு இருந்தா கோள் நெபுலா (பேர்தான் கோள், நிஜத்துல சாகுற நட்சத்திரம் விட்ட வாயு), நீள்வட்டம் கேலக்ஸி. அட்லஸுக்கு அட்லஸ் சின்ன சின்ன வித்தியாசம் இருக்கும், முன்பக்கத்துல போட்டிருப்பான், யாரும் படிக்கிறதில்ல.

ஜனவரி 18

எந்த அட்லஸ் வாங்கலாம்னு தனியா கேட்டவங்களுக்கும் சேத்து.

நிறைய நட்சத்திரம் இருக்குற அட்லஸ்தான் நல்ல அட்லஸ்னு ஒரு நினைப்பு இருக்கு. நான் அப்படி சொல்ல மாட்டேன். உங்க ஃபைண்டர்ல (டெலஸ்கோப் மேல மாட்டியிருக்குற குட்டி டெலஸ்கோப்) எவ்வளவு நட்சத்திரம் தெரியுதோ கிட்டத்தட்ட அவ்வளவே சார்ட்லயும் இருக்கணும். பாக்கெட் ஸ்கை அட்லஸ்ல 80 படம், 7.6 பிரகாசம் வரைக்கும் முப்பதாயிரத்துக்கு மேல நட்சத்திரம். மதுரைல என் மாடியில 8x50 ஃபைண்டர்ல தெரியுறதும் ஏறக்குறைய அதேதான், அதனால பேப்பர்ல முக்கோணம் இருந்தா ஃபைண்டர்லயும் முக்கோணம். யுரேனோமெட்ரியா 9.75 வரைக்கும் போகுது, 2 லட்சத்து 80 ஆயிரம் நட்சத்திரம், அத மாடியில விரிச்சா பேப்பர்ல இருக்குறதுல பெரும்பகுதி ஃபைண்டர்ல இருக்காது, எது எதுன்னே புரியாம முழிக்கணும். அதே புத்தகம் ஊருக்கு வெளிய இருட்டுல, ஐபீஸ்ல கண்ண வச்சு தேடுறப்ப தெய்வம். காசு செலவழிக்க யோசனையா இருந்தா ட்ரை அட்லஸ்னு ஒண்ணு இலவசமா பிடிஎஃப்ல கிடைக்குது, மங்கலான நட்சத்திரம் கூடக் கூட மூணு அடுக்கா இருக்கும். மூணாவது அடுக்க மொத்தமா பிரிண்ட் போட்டுடாதீங்க, வீட்ல சாப்பாடு கிடைக்காது.

அடுத்தது வளையம். இத பண்ணாம சார்ட்ட வச்சு தேடுறது அளவு டேப் இல்லாம கதவு செய்யுற மாதிரி. சார்ட்டோட பக்கவாட்டு ஓரத்துல டிகிரி போட்டிருக்கும், அதுல உங்க ஃபைண்டர் எத்தனை டிகிரி காட்டுதோ (8x50, 9x50 எல்லாம் 5 டிகிரி வாக்குல வரும்) அந்த அளவுக்கு மெல்லிசான காப்பர் கம்பிய வளைச்சு ஒரு வட்டம், ஐபீஸ் அளவுக்கு குட்டியா இன்னொரு வட்டம். கம்பி வேணாம்னா ஓஎச்பி ஷீட்ல மார்க்கர்ல போட்டுக்கலாம். அத சார்ட் மேல நகத்தி நகத்தி பாத்தா, இந்த நட்சத்திரம் வட்டத்தோட வலது ஓரத்துக்கு போனா இடது ஓரத்துல அடுத்தது வரும்னு முன்னாடியே தெரிஞ்சிடும்.

ஐபீஸ் எத்தனை டிகிரி காட்டுதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா: ஓரையன் பெல்ட்ல மூணு நட்சத்திரத்துல முதல்ல உதிக்கிறது மின்டாகா. வான நடுக்கோட்டு (பூமத்திய ரேகைக்கு நேர் மேல வானத்துல போற கோடு) மேலயே உக்காந்திருக்கு. அத ஐபீஸோட ஒரு ஓரத்துல வச்சு கைய எடுத்துடுங்க, நட்டநடுவா ஓடி எதிர் ஓரத்துல மறையுற வரைக்கும் போன்ல ஸ்டாப்வாட்ச். 4 நிமிஷம்னா 1 டிகிரி. என்னோடது 25 எம்எம் ஐபீஸ், 1200 எம்எம் டெலஸ்கோப், 48 மடங்கு, நாலு நிமிஷத்துக்கு சொச்சம் மேல வருது.

ஜனவரி 19

பிரிண்ட் எடுக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. லேசர் பிரிண்ட் நேரா எடுங்க, அத திரும்ப ஜெராக்ஸ் போடாதீங்க. போட்டா சின்ன நட்சத்திரமெல்லாம் மறைஞ்சிடும், பதிலுக்கு மெஷின் கண்ணாடியில இருக்குற தூசியெல்லாம் புது நட்சத்திரமா முளைச்சிடும். எங்க தெரு கடைல ஓரையன் பக்கத்த நீட்டுனா "ஜாதகமா சார், ரெண்டு காப்பி போதுமா"ன்னு கேட்டார். பொருத்தம் பாக்க எடுத்துட்டுப் போறதா நினைச்சிருக்கார்.

ஜனவரி 30

நேத்து ஆண்டிபட்டி தாண்டி நண்பரோட தென்னந்தோப்புல. அமாவாசை, வானம் சுமாரா தொறந்துச்சு, பனி மட்டும் சட்டையெல்லாம் நனைச்சிடுச்சு.

சார்ட்டோட மேல் ஓரத்துல மணி, நிமிஷம்னு போட்டிருக்கே, அத நிறைய பேர் சும்மா ஒரு நம்பர்னு விட்டுடுறாங்க. அது நிஜமாவே கடிகாரம்தான். எம் 47 இருக்குறது 7 மணி 36.6 நிமிஷத்துல, எம் 46 இருக்குறது 7 மணி 41.8 நிமிஷத்துல. வித்தியாசம் 5 நிமிஷம் சொச்சம். எம் 47ஐ நடுவுல வச்சிட்டு டெலஸ்கோப்ப தொடாம அஞ்சு நிமிஷம் உக்காருங்க, எம் 46 தானா வந்து நிக்கும், மூணுல ஒரு பங்கு டிகிரி தெற்கே தள்ளி. ரெண்டும் ஒரே ஐபீஸ்ல அடங்காது, இடைவெளி 1.3 டிகிரி. எம் 47ல நாலஞ்சு நல்ல பளிச் நட்சத்திரம், சிதறிக் கெடக்கும், அது ஓரத்துல போய்க்கிட்டு இருக்கறப்பவே எதிர்ப்பக்கம் மங்கலா, பொடிப்பொடியா எம் 46 ஏறி வரும். அது நடுவுக்கு வந்ததும் கொஞ்சம் பெருசாக்கி பாருங்க, கூட்டத்தோட வடக்கு ஓரத்துல ஒரு நட்சத்திரம் மட்டும் ஊதிப்போன மாதிரி இருக்கும். அதான் என்ஜிசிங்கிற இன்னொரு பட்டியல்ல 2438, கோள் நெபுலா. கூட்டத்துக்கு சொந்தம் இல்ல, பார்வைக் கோட்டுல நடுவுல நிக்குது.

எம் 41க்கு சார்ட்டே வேணாம், சிரியஸ்ல இருந்து நேரா தெற்கே 4 டிகிரி. ஃபைண்டர்ல சிரியஸ வடக்கு ஓரத்துல வச்சா தெற்கு ஓரத்துல அது இருக்கும்.

பிப்ரவரி 2

"சார்ட்ல வலது பக்கம் இருக்குறது ஐபீஸ்ல இடது பக்கம் இருக்கு, அங்கிட்டு தள்ளுனா இங்கிட்டு போகுது"ன்னு புலம்பினவருக்கு.

மொதல்ல ஒண்ணு, வானத்து சார்ட்ல வடக்கு மேலன்னா கிழக்கு இடது பக்கம். பூமி மேப்புக்கு நேர் எதிர். மேல அண்ணாந்து பாக்குறோம்ல, சார்ட்ட தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சா சரியா வந்துடும்.

அப்புறம் டெலஸ்கோப். நியூட்டோனியன்ல (டாப்சோனியனும் இந்த வகைக் கண்ணாடி டெலஸ்கோப்தான்) பிம்பம் சுத்திவிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான், சார்ட்ட தலைகீழா திருப்பினா பொருந்திடும். நேரா பாக்குற ஃபைண்டரும் அப்படித்தான். லென்ஸ் டெலஸ்கோப்ல டயகனல் (பார்வைய மடக்கிவிடுற கண்ணாடி) போட்டு பாக்குறவங்க பாடுதான் திண்டாட்டம், அது கண்ணாடி பிம்பம், சார்ட்ட எப்படி சுத்தினாலும் பொருந்தவே பொருந்தாது. அவங்களுக்கு ரெண்டு வழி. சாஃப்ட்வேர்ல இடவலம் மாத்தி பிரிண்ட் எடுக்கலாம், இல்லன்னா பேப்பர திருப்பி பின்னாடி டார்ச் அடிச்சு முதுகுப்பக்கமா படிக்கலாம். ரெண்டாவது கிறுக்குத்தனமா தெரியும், ஆனா வேலை செய்யுது, எங்க குரூப்ல ஒருத்தர் அப்படியேதான் படிக்கிறார்.

தொண்ணூறு டிகிரி மடக்கின ஃபைண்டர்ல ரெண்டு வகை இருக்கு. நேர் பிம்பம் காட்டுறதுன்னு கேட்டு வாங்குங்க. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு சொன்னா அடுத்த கடைக்கு போங்க.

பிப்ரவரி 3

நேத்து "தலைகீழா திருப்பினா பொருந்திடும்"னு எழுதினது ஃபைண்டருக்கு சரி, டாப்சோனியன் ஐபீஸுக்கு முழுசா சரியில்ல. குழாயோட பக்கவாட்டுல கண்ண வச்சு பாக்குறோம், குழாய் எவ்வளவு சாஞ்சிருக்கோ, நாம எந்தப் பக்கம் நிக்கிறோமோ அதுக்கேத்த மாதிரி படமும் சாயும். அதனால மேல கீழன்னு யோசிக்கவே வேணாம். கைய எடுத்துட்டு பாருங்க, நட்சத்திரம் எந்த ஓரத்துல வெளிய போகுதோ அது மேற்கு. குழாய துருவ நட்சத்திரம் பக்கமா லேசா தட்டுங்க, எந்த ஓரத்துல இருந்து புதுசா உள்ள வருதோ அது வடக்கு. இந்த ரெண்டும் கிடைச்சிடுச்சுன்னா சார்ட்ட அதுக்குத் தக்கன பிடிச்சுக்க வேண்டியதுதான். நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் 10 டிகிரி உயரம்தான், மரத்துக்கு பின்னாடி இருக்கும், திசை தெரிஞ்சா போதும்.

பிப்ரவரி 9

4 நிமிஷத்துக்கு 1 டிகிரிங்கிறத எல்லா இடத்துக்கும் போட்டுட்டாங்க போல. ரெண்டையும் பிரிச்சு வச்சுக்கங்க. "காத்திருக்குற நேரம்" எங்க போனாலும் சார்ட்ல உள்ள நிமிஷ வித்தியாசமேதான், அது மாறாது. ஆனா அந்த நேரத்துல நட்சத்திரம் ஓடுற தூரம் துருவத்த நெருங்க நெருங்க சுருங்கும். எம் 81 பக்கம், 69 டிகிரி வடக்குல, ஒரு டிகிரி ஓட 11 நிமிஷம் ஆகும். அதுக்குத்தான் ஐபீஸ் அளக்க மின்டாகான்னு சொன்னது, சப்தரிஷி நட்சத்திரத்த வச்சு அளந்துட்டு என் ஐபீஸ் ரெண்டு டிகிரி காட்டுதுன்னு சந்தோஷப்படாதீங்க.

பிப்ரவரி 10

"பஞ்சாங்கம், ஜாதகம்னு பேசுறீங்க, இது அறிவியல் குரூப்பா இல்லையா"ன்னு ஒரு அன்பர். ஐயா, எனக்கு ராசிபலன்ல நம்பிக்கை கிடையாது. ஆனா அமாவாசை எப்பன்னு காலண்டர்ல கருப்பு வட்டத்த பாத்துத்தான் தோப்புக்கு போறேன். சார்ட்ல 2000னு போட்டிருக்குற எபோக் (எந்த வருஷத்து இடம்ங்கிறது) இருக்கே, அதுவும் ஜோசியர் சொல்ற அயனாம்சமும் ஒரே சமாச்சாரத்துல இருந்து வர்றதுதான். பூமியோட அச்சு பம்பரம் மாதிரி மெதுவா சுத்துது, 72 வருஷத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி கட்டங்கள் நகருது, அயனாம்சம் இப்ப சுமார் 24 டிகிரி ஆகிப்போச்சு. சார்ட்ல 25 வருஷத்துக்கு டிகிரில மூணுல ஒரு பங்கு. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவி தேடுறவனுக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்ல, பக்கத்து நட்சத்திரமும் சேந்துதான் நகருது. எண்ண அடிச்சு டெலஸ்கோப்ப திருப்புறவங்களுக்குத்தான் எந்த வருஷத்து எண்ணுங்கிறது முக்கியம்.

1950 எபோக் பழைய அட்லஸ் வீட்ல கிடந்தா தூக்கிப் போடாதீங்க, தேடுறதுக்கு தாராளமா ஆகும்.

மார்ச் 2

திரும்ப தோப்பு. சில்லறை விஷயங்கள்:

சிவப்பு வெளிச்சத்துல பாக்குறப்ப, கலர் அட்லஸ்ல சிவப்பு மையில போட்ட கேலக்ஸியெல்லாம் வெளிறிப் போயிடும். கன்னி ராசிப் பக்கத்த விரிச்சா பாதி பக்கம் காலியா தெரியும். வீட்டுலயே பென்சில்ல சுத்தி ஒரு கோடு போட்டுட்டு போங்க. டார்ச்சுக்கு சிவப்பு செலோஃபேன் ஒரு சுத்து பத்தாது, பல மடங்கா மடிச்சு கட்டணும், இல்லன்னா நெயில் பாலிஷ், அது வீட்ல கேட்டுட்டு எடுங்க.

லேமினேஷன் பனிக்கு நல்லதுதான், ஆனா டார்ச் வெளிச்சம் பளபளன்னு கண்ணுல அடிக்கும். பிளாஸ்டிக் ஃபைல் கவர்ல மேட் கவர்னு கிடைக்குது, அது தேவல.

போன் ஆப் பத்தி சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. நானும் ஸ்டெல்லேரியம் வச்சிருக்கேன், மத்தியானம் உக்காந்து திட்டம் போட அது மாதிரி வராது, பிம்பத்த திருப்பி காட்டும், வட்டம் போட்டுக் காட்டும். ராத்திரில எனக்கு ஒத்து வரல. ரெண்டு விரல்ல பெருசாக்கி சிறுசாக்கி, கடைசில நாம பாக்குறது 5 டிகிரியா அரை டிகிரியான்னே மறந்துடும். பேப்பர் ஒரே அளவுல கெடக்கும். அதுவும் போக வாட்ஸ்அப்ல நல்ல காலை வணக்கம் வந்து முழுத்திரையும் வெள்ளையா அடிச்சா அரை மணி நேரம் பழக்கின கண்ணு போச்சு. ஆனா இது பழக்கம்தான், ஆப்ல நல்லா தேடுறவங்கள பாத்திருக்கேன், சண்டை போடாதீங்க.

மார்ச் 30

கன்னி ராசி கேலக்ஸி. இதுக்குத்தான் இத்தனை நாள் வளையம், நிமிஷம்னு கதை விட்டது.

இங்க நட்சத்திரம் தாவுறது எடுபடாது, பளிச் நட்சத்திரமே கம்மி, ஐபீஸ்ல வர்ற மங்கல் எல்லாமே கேலக்ஸி, எது எந்த எண்ணுன்னு குழம்பிப்போகும். அதனால ஒரு வாசல்ல நுழைஞ்சு வரிசையா போகணும். என் வாசல் எம் 60.

மதுரைல இந்தக் கூட்டம் உச்சந்தலைக்கு நேரா மேல வந்துடும், நடு ராத்திரி தாண்டி 88 டிகிரில நிக்கும். குழாய் நட்டமா நிக்கிறப்ப டாப்சோனியன இடவலமா திருப்பினா அங்கயே சுத்திக்கிட்டு கிடக்கும், ஒண்ணும் நகராது. அதனால பத்து மணிக்கே, கிழக்குல ஐம்பது டிகிரி வாக்குல இருக்கறப்பவே ஆரம்பிச்சிடுங்க. எப்சிலான் விர்ஜினிஸ், அதான் விண்டமியாட்ரிக்ஸ், அத ஃபைண்டர்ல பிடிங்க. நம்ம ஊர்ல எல்லாம் செங்குத்தா உதிக்கிறதால கிழக்கு வானத்துல மேற்குன்னா மேல. குழாய மேல தூக்குங்க, 5 டிகிரி ஃபைண்டர் வட்டத்துல விண்டமியாட்ரிக்ஸ் ஒரு ஓரத்துக்கு போறப்ப ரோ விர்ஜினிஸ் எதிர் ஓரத்துல தலை காட்டும், 4.9 பிரகாசம். ரோ நடுவுக்கு வந்ததும் அங்கிருந்து வடக்கே, கிழக்க பாத்து நிக்கிறப்ப இடது கைப்பக்கம், ஒன்றரை டிகிரிக்கு கொஞ்சம் கம்மி. எம் 60 உருண்டையா, நடுவுல பளிச்சுனு. ஒட்டிக்கிட்டே மங்கலா என்ஜிசி 4647, இருட்டு இடத்துல கண்ண கொஞ்சம் ஒதுக்கிப் பாத்தா தெரியும். மேற்கே அரை டிகிரிக்குள்ள எம் 59, ரெண்டும் ஒரே வட்டத்துல அடங்கும். இன்னும் ஒரு டிகிரி மேற்கே எம் 58.

இப்ப திரும்பி வாங்க. எம் 58ஐ நடுவுல வச்சிட்டு கைய கட்டிக்கிட்டு உக்காருங்க. சார்ட்ல 12 மணி 37.7, 42.0, 43.7. நாலு நிமிஷம் சொச்சத்துல எம் 59 நடுவுக்கு வரும், ஆறு நிமிஷத்துல எம் 60. நிமிஷக் கணக்கு பொருந்திச்சுன்னா பாத்தது எதுங்கிற சந்தேகமே கிடையாது. நேத்து பக்கத்துல நின்ன நண்பர் போன்ல டைமர் வச்சு "வந்துட்டான், வந்துட்டான்"னு கத்தினதுல தோப்பு நாய் ரெண்டும் எந்திரிச்சிடுச்சு.

எம் 84, எம் 86க்கு வேற வாசல்: நம்ம உத்திரம் நட்சத்திரத்துக்கும் விண்டமியாட்ரிக்ஸுக்கும் நட்டநடுவுல.

ஏப்ரல் 6

புத்தகத்துல "கடினம்", "அடிவானத்த ஒட்டி"ன்னு போட்டிருக்குறத அப்படியே நம்பாதீங்கன்னு எப்பவோ சொல்லியிருக்கணும். அந்த மதிப்பெண் எல்லாம் 40, 50 டிகிரி வடக்குல உக்காந்திருக்குறவங்க போட்டது. அங்க எம் 83 வீட்டுக்கூரை உயரம், நமக்கு 50 டிகிரி. எம் 7 நமக்கு 45 டிகிரி. பதிலுக்கு அவங்க சுலபம்னு சொல்ற எம் 81, எம் 82 நமக்கு 31 டிகிரிக்கு மேல ஏறாது, ரோட்டு விளக்கு வெளிச்சத்துலயே நிக்கும். சுத்துற வட்டு வகை சார்ட் வாங்குறப்பவும் பாருங்க, 40 டிகிரிக்கு செஞ்சதுல அகத்திய நட்சத்திரமே இருக்காது. 10, 15 டிகிரிக்குன்னு போட்டிருக்கணும்.

ஏப்ரல் 28

நேத்து மத்தியானம் இடி மின்னல், சாயந்திரம் கழுவிவிட்ட வானம்.

ஒமேகா சென்டாரிக்கு: பீட்டா சென்டாரில இருந்து எப்சிலான் சென்டாரிக்கு ஒரு கோடு இழுங்க, ஏறக்குறைய அதே தூரம் இன்னும் நீட்டுங்க. இருட்டு இடத்துல வெறும் கண்ணுக்கே மங்கலான நட்சத்திரம் மாதிரி தெரியும், அதனாலதான் நட்சத்திரத்துக்கு வைக்கிற கிரேக்க எழுத்து அதுக்கு ஒட்டிக்கிச்சு. 1677ல செயின்ட் ஹெலினா தீவுல இருந்து பாத்த ஹாலிதான் இது சாதா நட்சத்திரம் இல்லன்னு குறிச்சார். மதுரைல உச்சத்துல 32 டிகிரி உயரம், ஏப்ரல் கடைசில பதினொண்ணே கால் பதினொன்றரை வாக்குல தெற்குல நேரா நிக்கும்.

அந்த நேரத்துல போனா ஒரு சௌகரியம் இருக்கு. சென்டாரஸ் ஏ கேலக்ஸி, என்ஜிசி 5128, கிட்டத்தட்ட அதே மணிக்கோட்டுல, 13 மணி 25.5. ஒமேகா 13 மணி 26.8. ஒண்ணுக்கு மேல ஒண்ணு, நாலரை டிகிரி. ஒமேகா தெற்கு நடுக்கோட்டுல இருக்கறப்ப டாப்சோனியன இடவலமா அசைக்காம மேல மட்டும் தூக்கினா போதும், ஃபைண்டர் வட்டத்துல ஒரு ஓரத்துக்கு ஒமேகா போறப்ப எதிர் ஓரத்துல இது வந்திருக்கும். ஒரு மணி நேரம் தாமதமா போனா இதே நகர்வு சாஞ்சிடும், அப்ப திரும்ப சார்ட்ட திருப்பிக்கிட்டு நிக்கணும். உருண்டையா ஒரு மங்கல், குறுக்க இருட்டா ஒரு பட்டை. நேத்து பட்டை நல்லாவே தெரிஞ்சது.

தோப்பு காவக்காரர் தாத்தா வழக்கமா "இன்னும் என்னத்த தேடுறீங்க"ன்னு கேட்டுட்டு போயிடுவார். நேத்து ஒமேகாவ பாத்துட்டு கண்ண எடுக்கவே இல்ல. "ரவைய கொட்டுன மாதிரில்ல இருக்கு"ன்னார். கேலக்ஸிய காட்டினேன், "இதுல என்ன இருக்கு, துணி காயப்போட்ட மாதிரி"ன்னுட்டு போய் படுத்துட்டார். நான் மூணு மாசமா தேடச் சொல்லி எழுதுற பொருளுக்கு இவ்வளவுதான் மதிப்பு.

ஏப்ரல் 30

"நம்ம ஆளுங்க யாரும் சார்ட் போட்டதில்லையா"ன்னு கேட்டவருக்கு. மெட்ராஸ் அப்சர்வேட்டரி 1792ல கட்டினது, நுங்கம்பாக்கம். அங்க இருந்த டெய்லர்ங்கிற வானியலாளர் 11,015 நட்சத்திரத்தோட இடத்த அளந்து போட்ட பட்டியல் 1844ல வந்துச்சு. அதே இடத்துல வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல ஆர் ரெடிகுலிங்கிற மாறும் நட்சத்திரத்த (வெளிச்சம் கூடிக் குறையுற வகை) கண்டுபிடிச்சார். அது 63 டிகிரி தெற்கு, மெட்ராஸ்ல உச்சத்துலயே 14 டிகிரிதான் ஏறும். அந்த உயரத்துல இன்னைக்கு நுங்கம்பாக்கத்துல தெரியுறது அபார்ட்மெண்ட் மாடிதான்.

சார்ட்ல ஒரு புள்ளிய சுத்தி வட்டம் இருந்தா அது மாறும் நட்சத்திரம். அத அடையாளமா வச்சு தாவாதீங்க, சில சமயம் அங்க இருக்காது.

மே 18

தென்மேற்கு பருவமழை வரப்போகுது, தேனிப்பக்கம் இனிமே மேகம்தான். கேட்டவங்களுக்காக அக்டோபர், நவம்பருக்கு பிரிண்ட் எடுத்து வைக்க வேண்டிய பக்கம் ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன்: பீட்டா சீட்டி நட்சத்திரமும் அதுக்கு தெற்குப் பக்கமும். அங்கிருந்து நேரா தெற்கே 7 டிகிரிக்கு கொஞ்சம் கூட, 4 நிமிஷம் கிழக்கே, என்ஜிசி 253 கேலக்ஸி. நீளமா, நல்ல பிரகாசமா இருக்கும், எம் 31க்கு (ஆண்ட்ரோமெடா கேலக்ஸி) அப்புறம் நான் புதுசா வர்றவங்களுக்கு காட்டுறது இதத்தான். அங்கிருந்து ரெண்டு டிகிரிக்கு உள்ள தென்கிழக்குல என்ஜிசி 288 உருண்டைக் கூட்டம். 253ஐ நடுவுல வச்சு குழாய 1.3 டிகிரி தெற்கே இறக்கிட்டு 5 நிமிஷம் காத்திருங்க, வந்துடும். வடகிழக்கு பருவமழை விட்டு வச்சா பாக்கலாம். ஃபைண்டர் பிராக்கெட் ஸ்க்ரூ நம்ம ஊர்ல எங்க கிடைக்கும்னு யாருக்காவது தெரியுமா, என்னோடது தோப்புல எங்கயோ விழுந்துடுச்சு.